இங்கா வீட்டுத் துவக்கு

கிருபாமலருக்கு வாய் குறைவு, கைவேலை அதிகம். டெனிஷ் நகரமான ஹேர்னிங்கில் என் பக்கத்து வீட்டுக்காரி. இருவரும் அயலில் உள்ள ஒரு சின்னக் கொம்யூனில், அதாவது உள்ளூராட்சிச் சபையில், வயோதிபரை வீடு வீடாகப் போய்ப் பராமரிக்கும் வேலைதான் செய்தோம். மனிசரின் அழுக்கைக் கண்டு அவள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. என்னைப்போல மேலாளரோடு மல்லுக்கட்டவும் மாட்டாள். ஞாயிறு சபையில் கண்ணீர்விட்டு ஜெபிப்பாள், திங்கள் சிரித்த முகத்தோடு காரை எடுப்பாள். அவளைத்தான் கள்ளி என்றார்கள். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவள் போய்வந்த வீடுகளில் ஒன்று ஸ்வென், இங்கா தம்பதியுடையது. ஸ்வென் பழைய வேட்டைக்காரர். மறதி நோய் முற்றி, மனைவியையே வீட்டுக்குள் புகுந்த அந்நியப் பெண் என்று நினைத்து விரட்டுவார். வேட்டைத் துவக்கு இரும்பு அலுமாரிக்குள் பூட்டியிருக்கும், அதன் திறப்பு அவர் கழுத்தில் தொங்கும். ஒருமுறை துவக்கை எடுத்து இங்காவின் நெஞ்சுக்கு நேரே பிடித்திருக்கிறார். இங்கா கிருபாமலரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம்.

கிருபாமலர் முறைப்படிதான் போனாள். துவக்கு அரசின் சட்டம், பொலிசின் வேலை, கொம்யூன் தலையிட முடியாது என்றார் மேலாளர். பொலிசைக் கேட்டால், லைசன்ஸ் செல்லுபடியாகிறது, ஆள் சுகமில்லை என்று கொம்யூன் எழுதித் தந்தால் பறிக்கலாம் என்றார்கள். கொம்யூனோ, ஒருவரின் நோய் விபரத்தை அவர் சம்மதமில்லாமல் கொடுக்க மாட்டோம், வேண்டுமென்றால் அரசு சட்டத்தை மாற்றட்டும் என்றது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். இங்கே சாமியும் பூசாரியும் ஆளையாள் கைகாட்டிக்கொண்டு நின்றார்கள். இதற்குள் மகன் வேறு, துவக்கைத் தொட்டால் அப்பா மனமுடைந்துபோவார் என்று கொப்பன்ஹேகனில் இருந்துகொண்டு பெரிய கதை கதைத்தான். இங்கா பயத்தில் செத்துக்கொண்டிருந்தார்.

ஒரு காலை, ஸ்வெனைக் குளிக்க வார்த்தபோது திறப்பு கிருபாமலரின் கைக்கு வந்தது. அவர் கண்ணயர்ந்ததும் அலுமாரியைத் திறந்தாள். டெனிஷ்காரர் எவராக இருந்தாலும் துவக்கைப் பொலிசிடம் கொண்டுபோயிருப்பார். ஊரில் நாங்கள் வளர்ந்த யுத்த காலத்தில் வீட்டில் துவக்கு அகப்பட்டால் ஒருவரும் அதை ஆமி முகாமுக்குக் கொண்டுபோனதில்லை; கொண்டுபோனவர் திரும்பி வரமாட்டார். மண்ணுக்குள் வைத்துவிட்டு வாயை மூடிக்கொள்வோம். அவளும் அதைப் பொலித்தீனில் சுற்றி, அதே வீட்டுத் தோட்டத்தில் புதைத்தாள். அடுத்தவர் பொருளை வளவை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாதாம். களவெடுக்கவும் தெரியாத கள்ளி!

வந்துபார்த்த மகன் களவு என்று முறையிட்டான். இளம் பொலிஸ்காரன் ஒருவன் அவள் வீட்டுக்கு வந்தான். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தேத்தண்ணீரும் குடித்து, மெதுவாகக் கேட்டான். கிருபாமலர் கூட்டிக்கொண்டு போய் இடத்தைக் காட்டினாள். கிண்டி எடுத்தார்கள். லைசன்ஸ் உள்ளவரின் சொத்து என்று துடைத்து ஸ்வெனிடமே திருப்பிக் கொடுத்தார்கள். லைசன்ஸ் இல்லாமல் துவக்கை எடுத்ததற்குப் பொலிஸ் அவள்மேல் வழக்குப் போட்டது. வாடிக்கையாளரின் பொருளைத் தொட்டதற்குக் கொம்யூன் வேலையால் நிறுத்தியது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரு கருத்து வேறுபாடும் இருக்கவில்லை.

நாளைக்கு இங்கா செத்தால் யார் பொறுப்பு என்று மேலாளரின் மேசையில் அடித்துக் கேட்டேன். அது எங்கள் கையில் இல்லை என்றார்.

வசந்தம் பிறந்து கொஞ்ச நாளில், காலைக் கோப்பியோடு அறைக்குள் போன இங்காவை ஸ்வென் சுட்டார். அன்றைக்கே லைசன்ஸ் ரத்தானது. யாரும் யாரிடமும் எழுத்தில் எதுவும் கேட்கவில்லை.

செய்தி சொல்ல நான்தான் போனேன். கிருபாமலர் அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"ஆமிக்காரன் தலைமயிரைப் பிடிச்சு உலுப்பிக் கேக்கேக்கையும் நான் ஒரு இடமும் காட்டிக்குடுக்கேல்லை, அக்கா. இந்தப் பெடியன் மரியாதையாக் கேட்டான். சொல்லிப்போட்டன்."