கீழ்வீட்டு மிசியேயின் ஸ்பிரிங்

சின்னம்மா எங்களிடம் வந்து சேர்ந்த அந்த இலையுதிர்காலத்தில் வீட்டில் ஒருவருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. அவர் அம்மாவின் தங்கை. எங்கெங்கோ சுற்றி மொன்றியலுக்கு வந்து, அகதி விசாரணைக்கு நாள் குறிக்கப்படும் வரை எங்களோடு தங்கியிருந்தார். யன்னலுக்கும் குசினி அடுப்புக்கும் இடையே நடந்துகொண்டேயிருப்பார். கதிரையில் இருக்கச் சொன்னால் இருப்பார். ஆனால் மேசைக்கடியில் முழங்கால் ஆடும், மேலே தேத்தண்ணிக் கோப்பை கிலுகிலுக்கும். தபால்காரரின் காலடி கேட்டால் அம்மா அடுப்பை விட்டுவிட்டு ஓடுவார். எனக்கு ஒன்பது வயது. அந்த ஆட்டம் எனக்கும் தொற்றி, வகுப்பில் கதிரையை ஆட்டி ஆசிரியையிடம் ஏச்சு வாங்கினேன்.

நாங்கள் லாசாலில் ஒரு வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுச் சொந்தக்காரர் தனியாக இருந்தார். எழுபதைத் தாண்டிய கியூபெக்காரர். எங்களுக்கு அவர் மிசியே, பிரெஞ்சில் ஐயா. குளிர் தொடங்கும்போது மான் வேட்டைக்குப் போவார். தோட்டாக்களையும் தானே நிரப்புவார். கடைத்தோட்டாவால் சுடுவதென்றால் கடையில் இறைச்சியையே வாங்கிவிடலாமே என்பது அவருடைய கட்சி.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அம்மாவும் அப்பாவும் சாமான் வாங்கப் போயிருந்தார்கள். கீழேயிருந்து இரும்பில் இரும்பு அடிபடும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. ஒவ்வொரு அடிக்கும் பின்னால் மிசியேயின் வசவு. இந்த ஊர்க்காரர் கோபம் வந்தால் கிறிஸ்தவக் கோயில் சாமான்களின் பெயரைத்தான் சொல்வார்கள். நற்கருணைப் பேழை, பூசைக் கிண்ணம் என்று வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. சின்னம்மா ஒவ்வொரு சத்தத்துக்கும் தோளைக் குறுக்கினார். கடைசியில் எழும்பி, "என்னெண்டு பாத்திட்டு வருவம், வா" என்றார். அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. அவருடைய வாயாக நான் கூடப்போனேன்.

மிசியேயின் குசினி மேசையில் பழைய இரும்புக் கருவியொன்று இறுக்கிப் பூட்டப்பட்டிருந்தது. வெடிமருந்து அளப்பதற்கானது, அவருடைய தகப்பன் பாவித்ததாம். மேலே கண்ணாடிக் குழாய் நிறையக் கருஞ்சாம்பல் நிறத்தில் மருந்து. பக்கத்தில் ஒரு கைபிடி. அதை இழுத்தால் ஒரு தோட்டாவுக்கான மருந்து கீழே விழும். உள்ளேயிருக்கும் ஸ்பிரிங் கைபிடியைத் திருப்பிக் கொண்டுவரும். அந்த ஸ்பிரிங் விறைத்துப்போயிருந்தது. மூட்டுவாதத்தில் கோணிய மிசியேயின் விரல்களுக்குக் கைபிடி அசைய மறுத்தது. அசைந்தாலோ திரும்பிவந்து படீரென்று அடித்தது. அந்த அதிர்வில் அளவு கூடிக் குறைந்தது. அளவு கூடினால் வேட்டைத் துவக்கு முகத்திலேயே வெடிக்கும் என்று கைகளை விரித்துக் காட்டினார். புது ஸ்பிரிங் ஒரு கோப்பைத் தட்டில் கிடந்தது. அதைப் போட அவரால் முடியவில்லை.

நான் மொழிபெயர்த்து முடிக்கவில்லை. சின்னம்மா மிசியேயின் உதட்டிலிருந்த சிகரெட்டைப் பிடுங்கித் தண்ணீர்க் குழாயின் கீழ் அணைத்தார். பிறகு என்னைத் தோளில் பிடித்துக் கதவடியில் நிறுத்தினார்.

"அதிலையே நில். கிட்ட வராதை."

மிசியே திறந்த வாய் மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னம்மா குழாயிலிருந்த மருந்தை ஒரு மணிகூடச் சிந்தாமல் தகரப்பேணியில் திருப்பிக் கொட்டி, மூடி, தூரத்தில் வைத்தார். கருவியின் திருகாணியைக் கழற்றும்போது, பழைய ஸ்பிரிங் பாயாமல் அதன்மேல் ஒரு துணியைப் பொத்திக்கொண்டார். புது ஸ்பிரிங்கை நசுக்கிப் பிடித்து நூலால் வரிந்து கட்டி, உள்ளே செருகி, ஆணியைப் பூட்டியபின் நூலை வெட்டினார். கைபிடி மெதுவாக, பூனை நடப்பதுபோல, தன்னிடத்துக்குத் திரும்பியது. அந்த நேரம் முழுக்க அவருடைய முழங்கால் ஆடவில்லை. அவர் அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததேயில்லை.

மிசியே மருந்தை மறுபடி நிரப்பி, இழுத்து இழுத்துத் தராசில் வைத்தார். முள் ஒரே இடத்தில் நின்றது. அவர் சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டு என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்: உன்னுடைய சின்னம்மா மிலித்தேரா?

அதாவது, படையில் இருந்தவரா என்று. நான் தமிழில் வாய் திறக்கும் முன்னரே, அந்த ஒரு சொல் விளங்கிவிட்டதுபோல, சின்னம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இல்லையெண்டு சொல்லு."

சொன்னேன். மிசியேயின் சிரிப்பு மெல்ல நின்றது. எங்களுக்கு ஊற்றிய கோப்பியைக் குடிக்காமலேயே சின்னம்மா என்னை இழுத்துக்கொண்டு மேலே வந்தார்.

அம்மா வந்ததும் எல்லாவற்றையும் பெருமையாகச் சொன்னேன். அம்மா கையிலிருந்த பையை நிலத்தில் வைத்தார்.

"அவர் என்ன கேட்டவர்? நீ என்ன சொன்னனீ?"

திருப்பித் திருப்பிச் சொல்லச் சொன்னார். பிறகு சின்னம்மாவிடம் திரும்பினார். "கேஸ் முடியுமட்டும் உன்ர கை சும்மா இருக்காதோ? இயக்கத்தில பழகினதை இஞ்சை காட்டோணுமோ? அந்தாள் ஆரிட்டையும் வாய்விட்டால் உன்னைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்." சின்னம்மாவின் முழங்கால் மறுபடி ஆடத் தொடங்கியிருந்தது.

இயக்கம் என்பது பெரியவர்கள் குரலைத் தாழ்த்திச் சொல்லும் ஒரு சொல் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த நாளே அப்பா நகரின் மறுகோடியில், அஹுன்ட்சிக் பக்கம் வீடு தேடத் தொடங்கினார். அம்மா பாத்திரங்களைக் கடதாசியில் சுற்றுவதும், சமைக்க வேண்டுமென்று திரும்பப் பிரிப்பதுமாக இருந்தார். படியில் சத்தம் கேட்டால் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள்.

முதல் பனி விழுந்த கிழமை படியேறி வந்தவர் மிசியேதான். கையில் ஒரு பொதி மான் இறைச்சி. வீட்டுக்குள் கிடந்த பெட்டிகளைப் பார்த்தார். சின்னம்மாவைப் பார்த்தார். பிறகு என்னிடம், எல்லோருக்கும் கேட்கத் தமிழில் சொல் என்று சொல்லி, நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"அந்த ஸ்பிரிங்கை நானேதான் போட்டேன். இந்தக் கையால். உன்னுடைய சின்னம்மா கோப்பி குடிக்கத்தான் வந்தார். யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. பொய், நீங்கள் போடவில்லை, நான் கண்ணால் பார்த்தேன் என்று பிரெஞ்சில் கத்தினேன். அவர் என் தலையைத் தடவிவிட்டு, இல்லை, நான்தான் என்றார். சரியாக மொழிபெயர்க்கும்படி அம்மா அதட்டினார். பல்லைக் கடித்துக்கொண்டு மொழிபெயர்த்தேன். அம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார். சின்னம்மா அந்தக் கோணிய விரல்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அம்மா எழும்பி மிசியேயைச் சாப்பிட வைத்தார். பாத்திரங்களைச் சுற்றிய கடதாசியெல்லாம் குப்பைக்குப் போனது.

ஒரு போத்தல் மூடியைத் திறக்க முடியாத மனுசன், சின்னம்மா செய்த வேலையைத் தான் செய்ததாகச் சொல்கிறார். அதற்கு எங்கள் வீட்டில் விருந்தும் வைக்கிறார்கள். அடுத்த வசந்தத்தில் சின்னம்மாவை அகதியாக ஏற்றுக்கொண்டார்கள். அதுவரைக்கும் நான் மிசியேக்கு ஒரு போன்ஜூர்கூடச் சொல்லவில்லை.