பாஸா, பெயிலா?

என் பேத்தி யாழினிக்கு அஞ்சு வயசாகியும் பேச்சு வரலை. ஆட்டிசமா இருக்கலாம்னு பால்வாடி டீச்சர் சொன்னதால புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். எனக்குப் படிப்பு கம்மி. பரிசோதனைன்னா பரீட்சைன்னு நெனச்சுட்டேன். பெயிலானா பள்ளிக்கூடத்துல சேக்க மாட்டாங்களேன்னு பயம்.

"பேரென்னம்மா?"ன்னு டாக்டரம்மா பிள்ளையைக் கேட்டாங்க.

"யாழினிங்க"ன்னு நான் முந்திக்கிட்டேன்.

"ஏதாவது வேணும்னா எப்படிக் கேப்பா?"

"வாயாலதாங்க."

அவங்க சிரிச்சாங்க. "ஆத்தா, நீங்களே பதில் சொன்னா ஒங்களைத்தான் ஒண்ணாப்புல சேக்கணும்."

அதுக்குள்ள யாழினி மேசையில கெடந்த கலர் கட்டைகளை நிறம் பிரிச்சுக் கூறு போட்டுட்டா. கட்டுமாவடி மீன் சந்தையில நான் மீனைக் கூறு போடுற மாதிரியே. அப்புறம் என் கையைப் பிடிச்சுத் தண்ணி பாட்டில் மேல வச்சா.

மறைக்க முடியலை. "இப்படித்தாங்க கேப்பா. பேச மாட்டா"ன்னேன்.

"இதைத்தான் ஆத்தா எதிர்பார்த்தேன். ஆட்டிசம்தான். ஒங்க ஊரு பள்ளிக்கூடத்துலயே சேக்கலாம். இவளுக்குன்னு தனியா ஒரு டீச்சரும் வருவாங்க."

ஊருக்கு வந்து பஸ்ஸை விட்டு எறங்குனதும் சந்தையில பக்கத்துக் கடைக்காரி, பரீட்சைக்குப் போறோம்னு நான் சொல்லிட்டுப் போனவ, கேட்டா, "பாஸா, பெயிலா?"

"எம்பிள்ளைக்கு ரெண்டு டீச்சருடி"ன்னேன். அன்னிக்கு எனக்குக் கால் தரையில நிக்கலை.

இப்பவும் யாழினி என் கையைப் பிடிச்சு ஒரு பொருள் மேல வைப்பா. அது எனக்குப் பேச்சாத்தான் கேக்குது.