நின்ற இடத்தில் ஓடிய சைக்கிள்

யுத்தம் நடந்த அந்த நாட்களில் எங்கள் புத்தூரில் மின்சாரமும் இல்லை, கடையில் பற்றரியும் இல்லை. வானொலி கேட்க வேண்டுமென்றால் சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, ஒருவர் ஏறியிருந்து மிதிக்க வேண்டும். டைனமோவிலிருந்து வயர் வழியாக வானொலிக்கு உயிர் வரும். மிதிக்கிறவருக்கு மூச்சு வாங்கினால் செய்தி வாசிக்கிறவருக்கும் மூச்சு வாங்கும்.

இரவுச் செய்திக்கு அப்பா மிதிப்பார். மத்தியானச் செய்தியைச் சின்னம்மா தானாகவே எடுத்துக்கொண்டாள். அவள் அம்மாவின் தங்கை. கடற்படை மறித்துச் சுடும் கிளாலிக் கடலை வள்ளத்தில் கடக்கப் போன சித்தப்பா திரும்பாமல், வெறும் வள்ளம் மட்டும் கரையொதுங்கிய பிறகு எங்களோடு வந்து இருந்தவள். யாரோடும் கதைக்க மாட்டாள். அழவும் இல்லை. மத்தியானமானால் அறைக்கதவைச் சாத்திவிட்டுத் தன்னுடைய லேடீஸ் சைக்கிளில் ஏறிவிடுவாள்; வீட்டில் டைனமோ இருந்தது அதில் மட்டும்தான். சித்தப்பாவைப் பற்றி ஏதும் சொல்லுவார்களென்று சத்தத்தைக் குறைத்துவைத்துக் கேட்கிறாளாக்கும் என்று நாங்களும் குரலைத் தாழ்த்திக்கொள்வோம். வெளியே வந்ததும் என்ன செய்தி என்று அம்மா கேட்பாள். ஒன்றுமில்லை என்பாள். மத்தியானங்களில் உலகத்தில் ஒன்றுமே நடப்பதில்லை என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம்.

ஒருநாள் விமானம் தாழப் பறந்தது. புகையிலைத் தோட்டத்தில் நின்ற அப்பா, செய்தி கேட்க ஓடிவந்து அறைக்கதவைத் தள்ளினார். நானும் பின்னால் போனேன். சின்னம்மா வியர்வை ஒழுக மிதித்துக்கொண்டிருந்தாள். வானொலி ஊமையாக இருந்தது. அதன் வயர் கழற்றிச் சுருட்டி யன்னலில் வைக்கப்பட்டிருந்தது.

"கால் நிண்டா அந்த வள்ளம் கண்ணுக்குள்ளை வருது, அத்தான்," என்றாள் சின்னம்மா. மிதிப்பதை நிறுத்தவில்லை.

அப்பா பயந்துபோனார். பயந்தால் அவருக்குக் கோபம்தான் வரும். இப்படியே விட்டால் விசர் பிடித்துவிடும் என்று சொல்லி, தன் இரவுச் செய்தியும் போகட்டும் என்று சைக்கிளைப் பூட்டித் திறப்பைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். சின்னம்மா பாயில் மல்லாந்து கிடந்தாள். கண்கள் திறந்திருந்தன. என்னைப் பார்க்கவில்லை. போர்வைக்குள் இரண்டு கால்களும் மிதித்துக்கொண்டிருந்தன.

நான் போட்ட சத்தத்தில் அம்மா குசினியிலிருந்து ஓடிவந்தாள். வாசலில் நின்று அந்தக் கால்களையே பார்த்தாள். பிறகு கொடியில் கிடந்த அப்பாவின் சட்டையிலிருந்து திறப்பை எடுத்து, பூட்டைத் திறந்தாள். விறாந்தையில் இருந்த அப்பா பார்த்துவிட்டு முகத்தைத் தோட்டத்துப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எழும்படி. நான் பக்கத்திலை இருக்கிறன்," என்றாள் அம்மா.

சின்னம்மா ஏறி மிதித்தாள். அம்மா வானொலிக்கு முன்னால் நிலத்தில் இருந்தாள். குசினியில் சோறு அடிப்பிடித்து மணந்தது. அம்மா எழும்பவில்லை. நான் யன்னலிலிருந்த வயரை எடுத்து நீட்டினேன், கொழுவினால் பாட்டாவது கேட்கலாமே என்று. அம்மா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். சில்லு சுற்றும் சத்தமும் சின்னம்மாவின் மூச்சும்தான் அறைக்குள் கேட்டன. பேசாத வானொலிக்கு முன்னால் அம்மா எதைக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.