மனசுக்கு மருந்து கேட்டு வந்தவர்கள்

கம்பவுண்டர் வேலையில் மருந்து கலக்குவது சுலபம். மருந்தே இல்லாத நோய்க்கு முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதுதான் கஷ்டம். இந்த வேலையில் சிக்கியவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டாம் உலக யுத்த காலத்தில் அருப்புக்கோட்டையில் ஓர் இலவச ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டராக மாட்டிக்கொண்டிருந்தேன்.

நோட்டில் இல்லாத வியாதி

பாளையம்பட்டி லட்சுமம்மா தன் கணவர் நாகையாவைக் கூட்டிவந்தார். நெசவாளி. நூல் வரத்து நின்றதும் தறி நின்றது. தறி நின்றதும் அவர் பேச்சும் நின்றது. வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். இரண்டிலும் வாய் திறக்கவில்லை. வியாதிகளைப் பதியும் நோட்டில் மனசுக்கு இடமில்லாததால் டாக்டர் 'வயிற்று உபாதை' என்று எழுதி, மிக்சர் என்ற கலவை மருந்தைக் கொடுக்கச் சொன்னார். சீசாவை வாங்கிக்கொண்டு லட்சுமம்மா என்னிடம் கேட்டார்: "ஏன்யா, வயித்துக்குள்ள போற மருந்துக்கு மனசுக்குப் போற வழி தெரியுமா?"

ஆடு கேட்ட பேய்

மிக்சருக்கு நோய் கேட்கவில்லை. திருச்சுழிப் பக்கம் ஒரு கோடாங்கியிடம் போனார்கள். அவர் உடுக்கையடித்துப் பார்த்துவிட்டு, பருத்திக்காட்டுப் பேய் பிடித்திருக்கிறது, அது இறங்க ஒரு கருங்கிடாயும் மூன்று சேவலும் வேண்டும் என்றாராம். லட்சுமம்மா எழுந்துவிட்டார். "பேய்க்கு இம்புட்டுத் தீனி போட வசதியிருந்தா, இவுக எதுக்குய்யா பேசாமக் கெடக்காக?"

கடித்தாரா?

மதராஸில் இதற்கென்றே ஆஸ்பத்திரி உண்டு, சர்க்கார் காகிதம் வேண்டும் என்றார் டாக்டர். காகிதம் வாங்கத் தாலுகா ஆபீசுக்கு நானும் துணைக்குப் போனேன். குமாஸ்தா நாகையாவை ஏற இறங்கப் பார்த்தார். கல்லெறிந்தாரா, துணியைக் கிழித்தாரா என்று கேட்டார். பேசவே மாட்டேன் என்கிறார் என்று லட்சுமம்மா அழுதார். குமாஸ்தா பேனாவை மூடினார். "அது நல்ல கொணம்மா. யாரையாச்சும் கடிச்சப்பறம் கூட்டிட்டு வா."

திங்கள்கிழமை பெஞ்சு

வேறு போக்கில்லாமல் மிக்சருக்கே திரும்பினார்கள். திங்கள்தோறும் லட்சுமம்மா அவரை என் அறை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுச் சந்தைக்குப் போவார். நான் சீசா கழுவிக்கொண்டே பேச ஆரம்பித்தேன். வெளியே சொல்லமாட்டார் என்ற தைரியம்தான். என் மனைவி கோபித்துக்கொண்டு காரியாபட்டிக்குப் போய்விட்டது, தூக்கம் வராதது, அந்த மிக்சரை நானே ரகசியமாகக் குடித்துப் பார்த்தது, எல்லாவற்றையும் கொட்டினேன்.

பல திங்கள் போயின. ஒருநாள், லட்சுமம்மா சந்தைப் பையோடு உள்ளே நுழைகிற நேரம், என் முதுகுக்குப் பின்னால் ஒரு கரகரத்த குரல் கேட்டது. லட்சுமம்மா கையிலிருந்த பை கீழே விழுந்தது. நாகையா என்னையே இரக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். "கம்பவுண்டரய்யா, ஒங்க நெலம என்னுதவிட மோசமாயிருக்கு. நாளைக்கே காரியாபட்டிக்குப் போயி அவுகளக் கூட்டிட்டு வாங்க."

போனேன், கூட்டிவந்தேன். அந்த ஆஸ்பத்திரியில் மனசுக்கு இலவச வைத்தியம் கிடைத்தவன் நான் ஒருவன்தான்; வைத்தியம் பார்த்தவரோ நோயாளி.