பருத்திமார் படப்பின் இருட்டில் பேச்சி

செவ்வாய்க்கிழமை இரண்டாம் பாடவேளையில் "பேச்சி போயிட்டா" என்று நான் வந்து சொன்னபோது, பன்னிரண்டாம் வகுப்புத் தோழிகளே, நீங்கள் சிரித்தீர்கள். "ஏட்டி, இன்னைக்கு இந்தப் புளுகா?" என்றாள் ஒருத்தி. தப்பு என்மேல்தான், போன மாதம்தான் தேர்வு தள்ளிப்போச்சு என்று உங்களை ஏய்த்திருந்தேன். அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அவள் அம்மாதான் போனில் சொல்லியிருந்தார்.

பேர்தான் பேச்சி, பேச்சு அளந்துதான் வரும். ஆழ்துளைக் கிணற்றுக்குப் போட்டு மிச்சம் கிடந்த போர்க்குழாயில் கண்ணாடி பொருத்தி அவளே தொலைநோக்கி செய்தபோது, "வானத்துக்கே போர் போட்டுட்டியா? தண்ணி வந்தா சொல்லு" என்றேன். "தண்ணி வராது, புகை வரும்" என்றாள். அவள் தேடியது ரோசெட் நெபுலா. விண்மீன்களைச் சுற்றி மங்கலாய் ஒளிரும் வாயு வளையம். இடைசெவலில் அவள் வீட்டுக் கொல்லையில் விறகுக்கு அடுக்கிய பருத்திமார் படப்பு, காய்ந்த பருத்திச்செடிக் குவியல், தெருவிளக்கை மறைக்கும். அதை ஒட்டியே குழாயை நிறுத்துவாள். வெளிச்சம் பட்டால் இருட்டுக்குப் பழகிய கண் கெட்டுவிடும். ஒருமுறை விளையாட்டாகச் செல்போன் விளக்கை அடித்தேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

கடைசிச் சனிக்கிழமை ராத்திரி, படப்போரம் காலை மாற்றி வைத்தவள் "ஸ்ஸ்" என்றாள்.

"என்னட்டி?"

"பருத்திமார் குத்திட்டு."

போனை எடுத்தேன். "வெளிச்சம் போடாத. நாளையிலருந்து நிலா வந்துரும், இனி அடுத்த மாசந்தான்" என்றாள். போனை உள்ளே வைத்துவிட்டேன்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். "தெரியுதுட்டி! நேரா பாக்காத, ஓரக்கண்ணால பாரு. சாம்பலை ஊதிவிட்டாப்ல வட்டம்." எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுபடி குனிந்தவள், "இப்ப ரெண்டா தெரியுது. இமை தூக்க மாட்டேங்கு" என்றாள்.

"ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசமோ? தூக்கம் வருதுன்னு சொல்லேன்" என்றேன்.

அவளுக்கு நாக்குக் குழறியபோதுதான் விளக்கைப் போட்டேன். பாதத்தில் இரண்டு புள்ளிகள். கட்டுவிரியன் கடி அவ்வளவாக வலிக்காதாம். இமைதான் முதலில் சாயுமாம். டாக்டர் சொன்னார்.

"கடைசியா என்ன சொன்னா, தாயி?" என்று அவள் அம்மா கேட்டார்.

"தேடினது தெரிஞ்சிட்டுன்னு சொன்னா" என்றேன்.

பொய்யில்லை, பாதி. அவள் இமையைப் பற்றிச் சொன்னதும், அதற்கு நான் அடித்த கேலியும் என்னிடம் இருக்கின்றன. பேச்சி எனக்கு விட்டுப்போனது அதுதான். இப்போது உங்களுக்கு வாசித்துவிட்டேன். சாயங்காலம் அவள் அம்மாவுக்கும் வாசிக்க வேண்டும்.