ஆவடி வரைக்கும் தாங்குகிற அச்சு

பிழிந்து கயிற்றில் போடுகிற புடவை எப்படி முறுக்கிக்கொண்டிருக்கும், அப்படி இருந்தது அந்த இரும்பு. என் கையின் தடிமனுக்குக் குறையாத தண்டு. ஒரு முனை பட்டென்று முறிந்து, முறிந்த இடம் மட்டும் சர்க்கரைக் கட்டி உடைத்தது போல் மினுமினுத்தது. என் கொழுந்தனார் அதைக் கொண்டுவந்து, நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த முறத்துக்குப் பக்கத்தில் வைத்தார். "பாருங்க அண்ணி, இரும்ப எப்பிடிப் பிழிஞ்சிருக்குது என் என்ஜின்" என்றார். குரலில் வருத்தம் இல்லை, பெருமைதான் இருந்தது. அவர் பெண்சாதி அவரை விட்டுப் போய் அப்போது ஒரு முழு நாள்கூட ஆகவில்லை.

கார் பின்சக்கரங்களைச் சுற்ற வைக்கிற தண்டு அது. உறை, நடுவில் இருக்கிற பல்சக்கரம் எல்லாம் சேர்த்து ஆக்சில் என்பார்கள். எங்கள் குடும்பம் நூம்பலில் நெல் விளைவித்த குடும்பம். மாட்டுவண்டிக் காலத்திலிருந்து அச்சு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். நிலமெல்லாம் மனையாகி, சுற்றிலும் அடுக்குமாடி வந்த பிறகு, களம் இருந்த இடத்தில் கொழுந்தனார் தகரக் கொட்டகை போட்டு மெக்கானிக் வேலை செய்தார். நல்ல வேலைக்காரர். ஆனால் ஊரார் வண்டியைக் காலையில் முடித்து அனுப்பிவிட்டு, மிச்ச நேரமெல்லாம் தன் வண்டியோடுதான் இருப்பார். படகு மாதிரி நீளமான பழைய கார். அதற்குள் வேறு ஒரு பெரிய வண்டியின் என்ஜினைத் தூக்கி வைத்து, அதற்கும் மேலே ஏதேதோ பூட்டி, மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்கிற மாதிரி ஆக்கிவைத்திருந்தார். என்ஜினுக்கு மட்டும் அவ்வளவு பலம் கொடுத்தவர், பின்னால் இருந்த பழைய அச்சை அப்படியே விட்டுவிட்டார்.

அவரே எனக்கு விளங்கச் சொன்னார். "என்ஜின் ஒரு பக்கம் முறுக்குது அண்ணி. டயரு ரோட்ட புடிச்சிக்கினு வரமாட்டேங்குது. நடுவுல மாட்டிக்கினு சாவுறது இந்தத் தண்டுதான்." கூட்டுக் குடும்பத்தில் முப்பது வருஷம் இருந்தவளுக்கு அது புரியாமல் போகுமா. புரிந்தது.

முறிந்தது எங்கே என்று சொல்ல வேண்டும். ஓரகத்தியின் அண்ணன் ஆவடியில் வீடு கட்டிக் கிரகப்பிரவேசம். இவர்கள் இரண்டு பேரும் அந்தக் காரில் கிளம்பினார்கள். நாங்கள் பஸ்ஸில் போனோம். திருவேற்காடு தாண்டி, முன்னால் போன லாரியை முந்தப்போய் இவர் மிதிக்க, பின்னால் டமார் என்று ஒரு சத்தம், வண்டி நடு ரோட்டில் நின்றுவிட்டது. கம்பெனி பஸ்கள் வரிசையாக நிற்க, பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக அவள் உள்ளே உட்கார்ந்திருக்க, இவர் அடியில் படுத்துக்கொண்டார். வெளியே தெரிந்தது இரண்டு கால்கள். அவள் குனிந்து கூப்பிட்டாளாம். "ஒரு நிமிஷம் இரு" என்று அடியிலிருந்து பதில் வந்ததாம். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு ஒரு ஷேர் ஆட்டோவை நிறுத்தி ஏறிப் போய்விட்டாள். அவள் போனது அவருக்கு வெகுநேரம் கழித்துத்தான் தெரிந்தது. விசேஷ வீட்டில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நான் இங்கயே இருந்துக்கிறேங்க்கா. அந்த வண்டி எப்ப ஒழுங்கா ஓடுதோ அப்ப வந்து கூட்டிக்கினு போகச் சொல்லுங்க" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண் சிரிக்கவில்லை.

நான் வந்து அதை அப்படியே சொன்னேன். அவர் அந்த வார்த்தையைக் கோர்ட்டுத் தீர்ப்பு மாதிரி எடுத்துக்கொண்டார். "நாளைக்கே பஸ் புடிச்சிப் போய் கூட்டிக்கினு வாங்க" என்றால், "இல்ல அண்ணி, வண்டி ஓடினா வர்றேன்னு அவ வாயால சொல்லிட்டா. வண்டியிலதான் போவணும். பஸ்ல போனா நான் தோத்தா மாதிரி" என்றார். யாரிடம் தோற்பார், எதில் தோற்பார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பார்.

அப்புறம் ஆரம்பித்தது அச்சு தேடுகிற படலம். ஒரு வெள்ளிக்கிழமை பார்த்தால் எங்கள் வாசலில் கோணிமேல் மூன்று அச்சுகள் கிடக்கின்றன. கோலம் போட இடமில்லை. ஒன்று பழைய அச்சேதான், தண்டு மட்டும் புதுசு. இரண்டாவது ஜீப்பினுடையது. மூன்றாவது சரக்கு டெம்போவினுடையது, பார்க்கவே பூதம் மாதிரி. கொழுந்தனார் மனசில் இருந்தது ஜீப் அச்சு. அதுதான் இந்த முறுக்கைத் தாங்கும், ஓட்டத்தையும் கெடுக்காது என்றார். ஒரே குறை, கொஞ்சம் அகலம். அப்படியே பூட்டினால் சக்கரம் வெளியே துருத்திக்கொள்ளும். இரண்டு பக்கமும் வெட்டி, குறுக்கி, திரும்ப வெல்டிங் வைக்க வேண்டும். மண்ணூர்பேட்டையில் லேத்துப் பட்டறை வைத்திருந்த அவர் சிநேகிதர் செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டார். அவரும் அன்றைக்கு வந்து கோணி ஓரமாகக் குந்தியிருந்தார்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. இரும்போ, மாடோ, மரமோ, வீட்டுக்குள் வருகிற கனமான எதையும் மூத்தவர் கை வைத்துப் பார்த்து 'இது' என்று சொன்ன பிறகுதான் வைத்துக்கொள்வார்கள். அவர் கை வைத்ததை இளையவர் மறுத்துப் பேசுகிறதில்லை. என் வீட்டுக்காரர்தான் மூத்தவர். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து மூன்றையும் சுற்றிப் பார்த்தார். ஒரு கல்லை எடுத்து ஒவ்வொன்றையும் தட்டிச் சத்தம் கேட்டார், வண்டி மாட்டைப் பல் பிடித்துப் பார்க்கிற மாதிரி.

"இத இன்னாடா பண்ணப்போற?" என்று ஜீப் அச்சைக் காட்டினார்.

"ரெண்டு பக்கமும் வெட்டி ஒட்டணும் அண்ணே."

"வெட்டி ஒட்டினது எப்பிடிடா தாங்கும்? இதோ கீது பாரு, மூட்ட எத்தினி ஏத்தினாலும் அசையாது" என்று டெம்போ அச்சின்மேல் கை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

அந்தக் கணத்தில் கொழுந்தனார் முகம் என்ன ஆனது என்று நான் பார்த்தேன். ஜீப் அச்சை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "சரி அண்ணே" என்றார். அண்ணன் உள்ளே போன பிறகு லேத்துக்காரர் மெதுவாக, "மாமே, உங்க அண்ணன் இன்னா, இந்த வண்டியில ஏர் ஓட்டப் போறாரா?" என்றார். கொழுந்தனார் அவரை முறைத்துவிட்டு, என்னைப் பார்த்து, "சுமை வேற அண்ணி, முறுக்கு வேற. டெம்போ அச்சு மெதுவா இழுக்கறதுக்கு செஞ்சது. சக்கரம் ஒரு சுத்து சுத்தறதுக்குள்ள என்ஜின் மூச்சு முட்ட சுத்தணும்" என்றார். இதை அண்ணனிடம் சொல்ல வேண்டியதுதானே என்றேன். "அவுரு கை வெச்சிட்டாரு" என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது. தெரிந்தே தப்பான அச்சைப் பூட்டினார். வேலையும் குறை வைக்காமல், ஒரு போல்ட்டுக்கு இரண்டு முறை இறுக்கிப் பார்த்துப் பூட்டினார். அதுதான் எனக்கு ஆறவில்லை.

வண்டி கத்தியது. தெருமுனை திரும்புவதற்குள் அடுக்குமாடிக்காரர்கள் பால்கனியில் வந்து நின்றார்கள். இரைச்சலைக் கேட்டால் வானத்துக்குப் போகிற மாதிரி, ஓட்டத்தைப் பார்த்தால் தண்ணி லாரி மாதிரி. இந்த வண்டியில் ஆவடிக்குப் போனால் மச்சான் வீட்டில் சிரிப்பார்கள் என்று கொழுந்தனார் போகவில்லை. பஸ்ஸிலும் போகவில்லை. சாப்பாடு போடும்போது என் வீட்டுக்காரரிடம், "உங்க தம்பிக்கு அந்த அச்சு சரிப்படலயாட்டம் கீது" என்று சொல்லிப் பார்த்தேன். "அவன் சொல்லட்டும்" என்றார். கொட்டகைக்குப் போய்ச் சொன்னால், "அண்ணனே கழட்டச் சொல்லட்டும்" என்று இவர். ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு, இரண்டு பேருக்கும் நடுவில் குழம்புச் சட்டியோடு நான் நடந்ததுதான் மிச்சம். அந்த அச்சைப் பற்றி இரண்டு பேருமே என்னிடம் பேசினார்கள். ஒருவருக்கொருவர் பேசவில்லை.

நான் பூந்தமல்லி போய் பஸ் மாறி ஆவடிக்குப் போனேன். ஓரகத்தி அண்ணன் வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். கால் மிதிப்பதை நிறுத்தாமலே, "இன்னாக்கா, உங்க கொழுந்தன் கிளம்பிட்டாரா?" என்றாள். அச்சு மாற்றிக்கொண்டிருக்கிறார் என்றேன். அப்போதுதான் மிஷின் நின்றது. "எனக்கு இன்னாக்கா அச்சு? அன்னிக்கு சாயங்காலமே ஒரு பஸ் புடிச்சி வந்திருந்தா பின்னாடியே வந்திருப்பேன். வரலன்னதும்தான் பாத்தேன், இங்க மூச்சு விட நல்லாத்தான் கீது" என்றாள். பக்கத்து வீட்டுப் பெண் ரவிக்கை அளவு கொடுக்க வந்தாள். நான் காப்பி குடித்துவிட்டு வந்துவிட்டேன். வந்து இதையும் கொழுந்தனாரிடம் சொன்னேன். "பாத்தீங்களா, கோவம் தணிஞ்சிட்டா. அச்சு மட்டும் சரியாவட்டும்" என்றார்.

கடைசியில் என் வீட்டுக்காரரே மாட்டிக்கொண்டார். திருவேற்காடு கோயிலுக்குப் போக வேண்டும் என்று தம்பியை வண்டி எடுக்கச் சொன்னார். வேலப்பன்சாவடி பாலத்தில் ஏறும்போது, ஆள் பிதுங்க ஏற்றிக்கொண்டு வந்த ஒரு ஷேர் ஆட்டோ இவர்களை முந்திக்கொண்டு போனது. உள்ளே இருந்த பூக்காரப் பெண்மணி எட்டிப் பார்த்து, "நைனா, சத்தத்த எங்களுக்குக் குடு, நாங்க ஓட்டத்தக் குடுக்கறோம்" என்றாளாம். கோயிலில் சாமி கும்பிட்டாரோ இல்லையோ, வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், "டேய், அது கழனிக்குத்தான் சரி. கழட்டிட்டு அந்த வெட்டி ஒட்டறத வெய்யி" என்றார். தன் மேல் தப்பென்று ஒரு வார்த்தை இல்லை. தம்பிக்கு அது போதும். அன்றைக்கே மண்ணூர்பேட்டைக்குப் போன் போட்டார்.

ஜீப் அச்சு வந்தது. எவ்வளவு மிதித்தாலும் முறுக்கிக்கொள்ளவில்லை. வண்டி சத்தமில்லாமல் பறந்தது. நல்ல நாள் பார்த்து, முன் சீட்டில் புதுத் துண்டு விரித்து அதில் யாரையும் உட்கார விடாமல், என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஆவடிக்குக் கிளம்பினார். அவள் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. போன மழைக்குப் போட்ட விதை அடுத்த மழைக்குள் எவ்வளவு வளர்ந்திருக்கும். அவள் அதற்குள் அண்ணன் வீட்டை விட்டு, அதே தெருவில் தனியாக ஒரு ரூம் எடுத்து, இரண்டு மிஷின் போட்டு, வாசலில் போர்டும் மாட்டியிருந்தாள்.

ஹாரன் ஓசை கேட்டு வெளியே வந்தாள். வண்டியை ஒரு சுற்று பார்த்தாள். சக்கரத்துக்கிட்டே குனிந்துகூடப் பார்த்தாள். "நல்லாத்தான் பண்ணிக்கினு கீறீங்க" என்றாள். இவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். "வெயில்ல நிக்காதீங்க. வந்து சாப்பிட்டுட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் பின்னாலேயே அடுப்படிக்குப் போய், உனக்காகத்தானே இவ்வளவும் செய்தார் என்றேன். அவள் அப்பளத்தைத் திருப்பிப் போட்டபடி, "எனக்காக அச்சு இல்லக்கா. அச்சுக்காகத்தான் நானு" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் செய்திருப்பேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள்.

இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் கொழுந்தனார் வண்டியைத் துடைத்துக்கொண்டு ஆவடிக்குப் போகிறார். மெட்ரோவுக்கு ரோடெல்லாம் தோண்டிப் போட்டபோதும் போனார், மழைத் தண்ணீர் நின்றபோதும் போனார். அவள் சமைத்து வைத்திருக்கிறாள், இவர் சாப்பிடுகிறார், மிஷினுக்கு எண்ணெய் விட்டுத் தருகிறார், வெயில் தாழ்ந்ததும் கிளம்பி வந்துவிடுகிறார். இருங்கள் என்று அவள் சொல்வதில்லை. இருக்கட்டுமா என்று இவரும் கேட்பதில்லை. திரும்பி வந்ததும் என் வீட்டுக்காரர் வாசலில் நின்று, "எப்பிடிடா அச்சு?" என்பார். "கல்லு மாதிரி கீது அண்ணே" என்பார் இவர். இரண்டு பேருக்கும் ஒரே சந்தோஷம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் வாசலிலேயே அது படாரென்று உடைந்து போனால் என்ன? நல்ல மழையும் பிடித்துக்கொண்டால், மண்ணூர்பேட்டைக்காரரும் ஊரில் இல்லாமல் போனால், இந்த மனுஷன் வேறு வழியில்லாமல் அவள் வீட்டில் தங்கித்தானே ஆக வேண்டும். திருவேற்காட்டு அம்மனிடம்கூட இதைக் கேட்டுப் பார்த்துவிட்டேன். ஆனால் அவ்வளவு பார்த்துப் பார்த்து வெல்டிங் வைத்திருக்கிறார்கள். இந்த ஜென்மத்தில் அது உடையாது.