அடுப்போடு சேராத புகைபோக்கி

கைடு வேலை என்றால், பார்க்காத ஊரைப் பார்த்த மாதிரிச் சொல்லி, வலிக்கிற வாயைச் சிரித்த மாதிரி வைத்துக்கொள்கிற வேலை. ஜவுளிக்கடையோ, ஷோரூமோ, ஓட்டல் வாசலோ, நாள் முழுக்க நின்றுகொண்டு சிரிக்கிற என் சக பாவிகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்தது கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில், ஓர் இங்கிலீஷ் பண்ணை வீட்டில். சிரிக்காதீர்கள். கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்குகிற முதலாளி ஒருவர், இங்கிலாந்தில் ஏதோ கிராமத்தில் நானூறு வருஷத்துப் பண்ணை வீட்டில் நாலு நாள் தங்கிவிட்டு வந்தார். வந்ததும் அதே மாதிரி ஒன்றைக் கட்டி, கல்யாண ஜோடிகள் போட்டோ எடுக்க வாடகைக்கு விட்டார். பிளஸ் டூ முடித்த கையோடு நான் அங்கே கைடு. ரயில்வே அறிவிப்பு அக்கா முதல் மீன் விற்கிற அண்ணன் வரை எந்தக் குரலும் எனக்கு வரும். அந்தத் தகுதியில்தான் எடுத்தார்கள். என் அம்மா ராணி ஏற்கெனவே அங்கே பெருக்கித் துடைக்கிற வேலையில் இருந்தாள்.

தலையில் இடிக்கிற வாசல்

குளிர் நாட்டுக்காரன், உள்ளே இருக்கிற சூடு வெளியே போகக்கூடாது என்று வாசலைக் குட்டையாகவும் ஜன்னலைக் கையகலத்துக்கும் வைத்தான். சரி, அவனுக்குக் குளிர். மே மாசத்துக் கும்மிடிப்பூண்டியில் நாங்கள் எந்தச் சூட்டைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றுகிறோம்? கட்டும்போதே கேட்டார்களாம். முதலாளி இரண்டு தடவை கனைத்துவிட்டு, "லுக் ஹியர், ஒரு இஞ்ச் கூட மாறக்கூடாது" என்றாராம்.

வருகிற மண்டையெல்லாம் இடித்தது. நான் வாசலில் நின்று ரயில்வே அக்கா குரலில், "பயணிகளின் கனிவான கவனத்திற்கு, தலையைக் குனிந்து செல்லவும்" என்று சொல்லிப் பார்த்தேன். குரலை ரசித்தபடியே இடித்துக்கொண்டார்கள். செவ்வாப்பேட்டையிலிருந்து வந்த ஒரு பெண்ணின் தாய்மாமா ஆறடி. வாங்கிய இடியில் மேலே படிந்திருந்த தூசி கொட்டியது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்துக் கேட்டார்: "இன்னா பாப்பா, அந்தூர்ல அல்லாரும் குள்ளனுங்களா? இல்ல, வர்றவன அடிக்கறதுக்குன்னே கட்னாங்களா?"

சாணி என்று சொல்லாதே

வெள்ளைச் சுவரில் கறுப்புக் கட்டைகள் குறுக்கும் நெடுக்குமாகத் தெரியும். அசல் வீட்டில் அந்தக் கட்டைகள்தான் எலும்பு. நடுவிலிருக்கும் சந்துகளைக் குச்சி பின்னி, களிமண், வைக்கோல், சாணி குழைத்து அப்பி, சுண்ணாம்பு அடிப்பார்கள். எங்கள் வீட்டில் கட்டை என்பது பெயின்ட் அடித்த இரும்புக் குழாய், சந்தெல்லாம் சிமென்ட்.

ஒரு குடும்பத்துக்கு அசல் கதையைச் சொன்னேன். சொன்ன வாய் சும்மா இல்லாமல், "எங்க காலனி ஊடும் இப்டித்தான் இருந்துச்சு. குச்சி, களிமண்ணு, சாணி" என்றது. அந்தம்மா சுவரிலிருந்து படக்கென்று கையை எடுத்துக்கொண்டார். அது சிமென்ட் சுவர்! எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. எங்கள் வீடு புயலில் பாதி விழுந்தபோது ஒருத்தரும் போட்டோ எடுக்க வரவில்லை. நிவாரணத்துக்குத் தாலுகா ஆபீசில் காட்ட நாங்களேதான் எடுத்தோம். மேனேஜர் சுந்தர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். சிரிப்பைக் கலைக்காமல் பல்லுக்கு நடுவிலிருந்தே பேசுவார். "சாணின்னு சொல்லாத பாப்பா, 'ஆர்கானிக் பிளாஸ்டர்'னு சொல்லு. அப்பால, உங்க ஊட்டு கதைய எவன் கேட்டான்?"

புகைக்கு ஓர் ஆள்

இந்த வீட்டுக்கு அழகே பெரிய செங்கல் புகைபோக்கிதான். முதலாளி எல்லாப் போட்டோவையும் வெளியே நின்று எடுத்திருந்தார். இன்ஜினீயர் அந்தப் போட்டோவைப் பார்த்தே வரைந்தார். ஆகவே புகைபோக்கி மொட்டைமாடியில் தனியாக நிற்கிறது. அடுப்பு கீழே கூடத்தில் தனியாக இருக்கிறது. நடுவில் முழு கான்கிரீட். மேஸ்திரி எவ்வளவோ சொல்லியிருக்கிறார். "போட்டோல இருக்கறத மட்டும் கட்டு" என்று பதில்.

ஜோடிகளோ, "புகை வந்தா செமையா இருக்கும்" என்றார்கள். அதனால் புகைபோக்கியின் பின்பக்கம் ஓர் ஆள் குனிந்து நுழைகிற மாதிரி ஒரு திட்டிவாசல் வெட்டினார்கள். உள்ளே ஒரு தகர டின், தேங்காய் நார், பச்சை வேப்பிலை, விசிற ஒரு அட்டை. உட்கார ஒல்லியான ஆள் வேண்டுமாம். என் அம்மா ஒல்லி. வாக்கி-டாக்கியில், "ராணிம்மா, ஸ்மோக் ப்ளீஸ்" என்பார் மேனேஜர். கீழே மாப்பிள்ளை பெண்ணின் நெற்றியில் முத்தம் கொடுப்பார். மேலே என் அம்மா இருமுவாள். ராத்திரி வீட்டிலும் இருமுவாள். கேட்டால், "தூசி" என்பாள்.

புகை போடுகிற மெஷின் வாங்கச் சொல்லி மேனேஜரிடம் மூன்று தடவை கேட்டேன். மூன்றாவது தடவை அதே பல் சிரிப்போடு சொன்னார்: "மெஷின்னா ரிப்பேர் ஆவும் பாப்பா. உங்கம்மா ஆவ மாட்டாங்க."

கனைப்பு இரண்டு

அந்த ஞாயிற்றுக்கிழமை வரிசையாக மூன்று ஜோடி. அன்றைக்கு முதலாளியும் வருவதாகச் சொல்லியிருந்தார். அம்மா பதினோரு மணிக்கு ஏறியவள், இரண்டு மணி ஆகியும் இறங்கவில்லை. "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்றே மேனேஜர் சொல்லிக்கொண்டிருந்தார். நான் குதிரை லாயத்துக்குப் பின்னால் போய் (குதிரை கிடையாது, லாயம் மட்டும்தான்) வாக்கி-டாக்கியை எடுத்தேன். இரண்டு தடவை கனைத்தேன். "லுக் ஹியர் சுந்தர். கேட்டாண்ட வந்துட்டேன். புகை பத்தல. ராணிய இறக்கிட்டு நீயே மேல போ. நவ்!"

மேனேஜர் டையோடு ஏணி ஏறினார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இறங்கி வந்தாள். நான் விடுவேனா? "இன்னும் கொஞ்சம்" என்று முதலாளி குரலிலேயே சொல்லிக்கொண்டிருந்தேன். பத்தாவது நிமிஷம் கண்ணும் மூக்கும் ஒழுக, டை தோளில் கிடக்க, மேனேஜர் புல்தரையில் வந்து விழுந்தார். ஜோடி, போட்டோகிராபர், எல்லார் முன்னாலும் கத்தினார்: "ஐயோ, அங்க மனுசன் உக்கார முடியாது!"

அசல் குரல்

சரியாக அப்போதுதான் அசல் முதலாளியின் கார் உள்ளே வந்தது. யார் பேசியது என்று தெரிய அரை நிமிஷம்கூட ஆகவில்லை. "என் குரல்ல பேசுனியா?" என்றார். ஒளிப்பானேன்? அவர் மூஞ்சிக்கு நேராகவே இரண்டு தடவை கனைத்தேன். "லுக் ஹியர், ராணி இனிமே மேல ஏற மாட்டா."

வாட்ச்மேன் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். கல்யாணப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மேலே பார்த்தாள், பிறகு புகையில் சிவந்திருந்த என் அம்மாவின் கண்ணைப் பார்த்தாள். "சார், இவ்ளோ நேரம் அதுக்குள்ள இவங்களா இருந்தாங்க? எங்களுக்கு இந்தப் போட்டோவே வேணாம்" என்றாள். முதலாளி முகம் செங்கல் நிறத்துக்குப் போனது. இந்தத் தடவை கனைப்புகூட வரவில்லை: "மெஷின் வாங்குங்க. இந்தப் பொண்ண நாளைலருந்து கேட்டாண்டயே நிறுத்துங்க."

மெஷின் வந்தது, அம்மாவின் இருமல் குறைந்தது, என் வேலை போனது, அந்தப் புகைபோக்கி மட்டும் இன்றுவரை அடுப்போடு சேரவில்லை.